கோத்தகிரி வீட்டுக்கு எந்தக் கணப்பு?



போன ஞாயிறு இரவு 10 மணிக்கு என் அக்கா மகன் ஒரு படம் அனுப்பினான். கோத்தகிரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். மேல்தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை பாக்கி. படத்தில் இருந்தது ஏதோ ஓர் ஐரோப்பிய மாளிகையின் கூடம். ஆள் நிமிர்ந்து உள்ளே போகலாம் போல ஒரு கணப்பு, அதில் முழு மரத்தடி எரிகிறது, முன்னால் ஒரு பெரிய நாய் படுத்திருக்கிறது. கீழே ஒரு வரி: "மாமா, ஹால்ல இதே மாதிரி வைக்கப் போறேன். எப்படி இருக்கு?"

நாய் நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

உடனே போன் வந்தது. "கேலி பண்ணாதீங்க மாமா. அம்மாவுக்காகத்தான் கேக்கறேன்." அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு இப்போது 78. தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 40 வருஷம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். புகை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகனோடு மலைக்குப் போய் இருக்கப் போகிறாள். அங்கே மார்கழிக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. மகன் கேட்டது இதுதான்: விறகும் கம்மியாகச் செலவாக வேண்டும், அறையும் சூடாக வேண்டும், அம்மாவுக்கு இருமல் வரக் கூடாது.

வரலாற்று வாத்தியாரிடம் கணப்பு வாங்க யோசனை கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குரல் பதிவில் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். மலையில் வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் அந்தப் படத்தில் இருக்கிற கணப்பைப் பார்ப்போம். நெருப்பு எரிந்தால் சூடான காற்று சிம்னி வழியே மேலே போகும். அது தனியாகப் போகாது. அறையில் இருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். போன காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் வெளிக் குளிர் உள்ளே வரும். நெருப்பைப் பெரிதாக்கினால் இழுப்பும் பெரிதாகும். அதனால்தான் அந்த மாதிரிக் கணப்பின் முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். விறகில் இருக்கிற வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தால் அதிகம். மற்றதெல்லாம் ஆகாயத்துக்கு.

இங்கிலாந்துக்காரர்கள் பல நூற்றாண்டுகள் இப்படித்தான் ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். 1662-இல் அரசுக்குப் பணமுடை வந்தபோது, வீட்டில் எத்தனை அடுப்பு வாய் இருக்கிறதோ அத்தனைக்கும் ஆண்டுக்கு 2 ஷில்லிங் வரி போட்டார்கள். எண்ணிப் பார்க்க அதிகாரி வீட்டுக்குள்ளேயே வருவார். அந்த வெறுப்பில் 1689-இல் அதை எடுத்துவிட்டார்கள். வரி போட்டவர்களும் சரி, கட்டியவர்களும் சரி, அடுப்பு ஏன் இவ்வளவு விறகு தின்கிறது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. விறகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரை அந்த யோசனை யாருக்கும் வராது.

யோசனை வந்தது, விறகு தூரமாகப் போன பிறகுதான். அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1744-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு முன் வாசலிலேயே கிடைத்த விறகு, இப்போது சில ஊர்களுக்கு நூறு மைல் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பது அதில் அவர் காட்டும் காரணம். அவர் செய்தது கணப்புக்குள் வைக்கிற ஓர் இரும்புப் பெட்டி. புகை நேராக மேலே ஓடாமல், ஒரு தடுப்பைத் தாண்டிக் கீழே இறங்கி, அப்புறம் சிம்னிக்குள் ஏற வேண்டும். போகிற வழியில் வெப்பத்தை இரும்பிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்ற எண்ணம். ஆளுநர் காப்புரிமை தருகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். எண்ணம் சரிதான். ஆனால் நடைமுறையில் ஒரு கோளாறு: சிம்னி சூடாக இருந்தால்தான் புகை கீழே இறங்கி ஏறும். நெருப்பு கொஞ்சம் அடங்கினால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். பின்னால் வந்தவர்கள் குழாயை மாற்றிவைத்துச் சரிசெய்தார்கள்.

அடுத்தவர்தான் நம் கதாநாயகர். பத்தாம் வகுப்பில் இவரைப் பற்றி நான் உங்களுக்குச் சொன்னதில்லை, பாடத்தில் இல்லை. பெயர் பெஞ்சமின் தாம்சன், 1753-இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கப் புரட்சியின்போது ஆங்கிலேயருக்கு உளவு சொன்னவர். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஓடியவர். எப்படியோ பவேரிய மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, 1790-இல் மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களைத் திரட்டி, வேலை செய்யும் இல்லம் ஒன்றில் சேர்த்தார். அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும். எந்த அடுப்பில் எத்தனை ராத்தல் விறகுக்கு எவ்வளவு கஞ்சி கொதிக்கிறது என்று எடை போட்டுப் பார்த்தார். ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டமும் வாங்கினார். பீரங்கிக்குத் துளை போடும்போது ஏன் இவ்வளவு சூடு பிறக்கிறது என்று கேட்டு, வெப்பம் என்பது ஒரு பொருள் அல்ல, அசைவு என்று 1798-இல் வாதாடியவரும் இவரே. இயற்பியல் ஆசிரியர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும்.

1795-இல் லண்டனுக்கு வந்தார். ஊரே புகைமூட்டம், வீட்டுக்குள்ளும் புகை. அடுத்த ஆண்டு கணப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் இரும்பும் இல்லை, இயந்திரமும் இல்லை. கொத்தனார் ஒருவரும் கொஞ்சம் செங்கல்லும் போதும்.

அவர் கண்டது இது. திறந்த கணப்பில் அறைக்கு வருகிற சூடு, வெயில் நம்மேல் படுவது போலக் கதிராகத்தான் வருகிறது. சூடான காற்று முழுவதும் மேலே போய்விடுகிறது. ஆகவே நெருப்பை ஆழமான குகைக்குள் வைக்காதே, முன்னால் கொண்டு வா. பக்கச் சுவர்களை நேராக நிறுத்தாதே, கூத்தாடி கை விரித்தது போல 135 பாகைக்குச் சாய்த்துவை, வெப்பம் அறைப்பக்கம் திரும்பும். சுவருக்குச் சுண்ணாம்பு அடி. பின்சுவரின் அகலம் வாயின் அகலத்தில் மூன்றில் ஒன்று இருந்தால் போதும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நெருப்புக்கு மேலே சிம்னி தொடங்குகிற தொண்டை. ஆள் ஏறும் அகலத்தில் இருந்த அந்தத் தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கச் சொன்னார். புகை போக அது போதும், அறைக்காற்று வீணாக ஓட முடியாது. குறுக்கினால் புகை அறைக்குள் திரும்பும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். நடந்தது தலைகீழ்: இழுப்பு கூடியது, அறையில் புகை நின்றது. சுமார் 500 சிம்னிகள் தம் கைப்பட்டன என்று அவரே எழுதுகிறார். லண்டனில் அது மோஸ்தரே ஆகிவிட்டது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், பழைய மடத்தின் பிரம்மாண்டக் கணப்பைப் பார்க்க ஆசையாக வந்த கதாநாயகி, அங்கே ரம்ஃபோர்டு வந்து எல்லாவற்றையும் குறுக்கிவிட்டுப் போயிருப்பதைப் பார்த்து ஏமாந்து நிற்பாள். என் மருமகனுக்கும் அந்தப் பெண்ணின் மனசுதான்.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம் வேறு. தொண்டையை 4 அங்குலமாக்கினால் சிம்னி துடைக்கிறவர் எப்படி ஏறுவார்? அதற்காக, பின்சுவரின் மேல்பகுதியில் ஒரு கல்லை மட்டும் பூசாமல் எடுத்து வைக்கும்படி விடு, துடைக்கும்போது கழற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஏறினவர்கள் யார்? ஆறு, ஏழு வயதுச் சிறுவர்கள். பிள்ளைகளைச் சிம்னிக்குள் ஏற்றுவது இங்கிலாந்தில் உண்மையாகவே நின்றது 1875 சட்டத்துக்குப் பிறகுதான். ரம்ஃபோர்டு விறகை எடை போட்டார், வெப்பத்தைக் கணக்கிட்டார், அந்தப் பையனுக்குக் கல்லைக் கழற்றி வழிவிட்டார். பையனே ஏறாமல் இருக்க வழியுண்டா என்று அவர் நினைக்கவில்லை. இதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஸ்வீடன்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அங்கே காட்டுமரம் இரும்பு உருக்குவதற்கு வேண்டும், வீட்டில் எரித்துத் தீர்த்தால் நாட்டுக்கு நஷ்டம். 1767-இல் குரோன்ஸ்டெட், விரேடே என்ற இரண்டு பேர் புது அடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். ஓடு பதித்த உயரமான செங்கல் தூண் போல இருக்கும். உள்ளே புகை மேலும் கீழுமாகச் சுற்றிச் சுற்றி ஓடி, செங்கல்லை எல்லாம் சூடாக்கிவிட்டுத்தான் வெளியே போகும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கொளுந்துவிட்டு எரித்துவிட்டால் போதும். நெருப்பு அணைந்த பிறகும் மணிக்கணக்காகச் செங்கல் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். நம் வீட்டுச் சுவர் சித்திரை வெயிலை வாங்கி ராத்திரி நம்மேல் விடுகிறதே, அந்தக் கணக்குதான்.

இப்போது நம் மலைக்கு வருவோம்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகம், மருமகன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அதன் பிறகு பங்களாக்கள் பெருகின, அறைக்கு ஒரு கணப்பு. ரம்ஃபோர்டு கட்டுரை வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு கட்டிய வீடுகள் இவை. ஆனாலும் வேலை பார்த்த காலத்தில் நான் எட்டிப் பார்த்த பழைய கணப்புகள் முக்கால்வாசி ஆழக் குகைகள்தான், தொண்டைக்குள் தலையைவிட்டால் வானம் தெரியும். எதற்குக் குறுக்க வேண்டும்? சோலைக்காடு பக்கத்தில். விறகு சுமக்க ஆள், சாம்பல் அள்ள ஆள்.

இத்தனைக்கும் தோடர்கள் அதே குளிரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தவர்கள். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போல வீடு, ஜன்னல் கிடையாது, தவழ்ந்து நுழைகிற வாசல். சிறிய இடம், சிறிய வாய், சிறிய நெருப்பு. புகை தொல்லைதான், சிம்னி கிடையாது. ஆனால் சூட்டைப் பிடித்துவைக்கிற பாடத்தைப் பங்களாக்காரர்கள் அந்த வாசலைப் பார்த்தே கற்றிருக்கலாம்.

சோலை மரம் மெதுவாக வளரும். வெட்டினால் ஒரு மனித ஆயுளில் திரும்பாது. விறகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அடுப்பை மாற்றவில்லை, மரத்தை மாற்றினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் 1830-களிலும் 1840-களிலும் வந்து சேர்ந்தன. 1860-களில் அரசே விறகுக்கென்று கற்பூரத் தோப்புகள் போட்டது. பிறகு தோல் பதனிடப் பட்டை, தொழிற்சாலைக்குக் கூழ் என்று அந்த மரங்களுக்கு வேறு வேலைகளும் வந்தன. ஆனால் முதலில் அவை வந்ததில் கணப்பு வாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. புல்வெளியை மூடிக்கொண்டு நிற்கிற சீகையை இன்று நீதிமன்ற உத்தரவின்பேரில் அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். சுற்றுலா போகும்போது உயரமான கற்பூரத் தோப்பைப் பார்த்து இதுதான் ஊட்டி என்று படம் எடுக்கிறோமே, 4 அங்குலத்துக்குக் குறுக்காத தொண்டைகளுக்காக நட்ட மரங்கள் அவற்றில் எத்தனையோ.

இனி ஒரு சொந்த விஷயம். இதுவரை வெளியில் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம்.

1984 டிசம்பர். உதகைக்கு மாற்றலாகிப் போன முதல் குளிர்காலம். பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். அறையில் கணப்பு இருந்தது. ஆனால் குளிர்காற்று இறங்குகிறதென்று வீட்டுக்காரர் அதைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்துவிட்டார். பெண் குழந்தைக்கு ஆறு மாதம். உறைபனி விழுந்த ஒரு ராத்திரி, குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிக் கங்கானதும் அறைக்குள் கொண்டுவந்து வைத்தேன். கெட்டிக்காரத்தனமாக ஜன்னல் இடுக்கில் எல்லாம் நாளிதழைக் கிழித்து அடைத்தேன். புகைதான் இல்லையே!

விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டினார். சத்தம் கேட்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. தலை இரண்டாகப் பிளக்கிறது, கால் எனக்குச் சொந்தமில்லை. தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். என் மனைவியைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பால்காரரும் நானும் இழுத்து வெளித் திண்ணையில் போட்டோம், வாந்தி எடுத்தாள். குழந்தை துணிப்பொம்மை மாதிரிக் கையில் தொங்கியது. பனிக்காற்று முகத்தில் பட்டு எவ்வளவு நேரம் கழித்து அழுதாள் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழு நாள். இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், இதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை என்று பி.யு.சி.யில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பரீட்சைத் தாளில் தெரிந்தது குமுட்டியில் தெரியவில்லை. மலை விடுதி அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று இன்றும் அவ்வப்போது பேப்பரில் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தாழ்ப்பாள் ஞாபகம் வரும்.

அதனால் மருமகனே, சிம்னியை நான் எவ்வளவு திட்டினாலும், அது செய்கிற ஒரு வேலையை வேறெதுவும் செய்யாது. புகையை முழுக்க விட வேண்டும், சூட்டை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராங்க்ளின் முதல் ஸ்வீடன்காரர் வரை எல்லோரும் மல்லுக்கட்டியது இந்த ஒன்றோடுதான்.

உன் வீட்டுக்கு என் முடிவு: படத்தில் உள்ளது வேண்டவே வேண்டாம். ஸ்வீடன் தூணும் வேண்டாம். நாள் முழுக்கக் குளிர்கிற நாட்டுக்கு அது அருமை. கோத்தகிரியில் பகலில் வெயில் அடிக்கும், சாயங்காலம் சட்டென்று குளிரும். அந்தச் செங்கல் சூடேறுவதற்குள் அக்கா தூங்கிப்போவாள். ரம்ஃபோர்டு கணப்பு கட்டினால் உள்ளூர்க் கொத்தனாரே கட்டிவிடுவார், பார்க்கவும் அழகு. அம்மா உன்னோடு இல்லையென்றால் அதையே சொல்லியிருப்பேன். திறந்த வாயில் என்றைக்காவது எதிர்க்காற்று அடித்தால் ஒரு வாய் புகை உள்ளே வரும், அந்த ஒரு வாய் அவளுக்கு ஆகாது.

கண்ணாடிக் கதவு போட்ட, மூடிய இரும்பு அடுப்பு வாங்கு. நெருப்புக்கு மேலேயும் கொஞ்சம் சூடான காற்றை விட்டு, புகையையே எரித்துவிடுகிற வகை இருக்கிறது. நல்லதாக இருந்தால் விறகின் வெப்பத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அறைக்குத் தரும். எரிவதற்கான காற்றை வீட்டுக்கு வெளியிலிருந்து தனிக் குழாயில் எடுக்கிற மாதிரி கேள். சிறியதாக வாங்கு, கடைக்காரர் பெரிதைத்தான் காட்டுவார். பெரிய அடுப்பு வாங்கினால் அறை வெந்துபோகிறதென்று காற்றை அடைப்பாய். நெருப்பு புகைந்து புகைந்து எரியும், சிம்னிக்குள் தார் மாதிரிப் படியும், ஒரு நாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். புகைக்குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போக வேண்டாம். வீட்டுக்குள்ளேயே நேராக மேலே ஏறட்டும், குழாய் சூடாக இருந்தால்தான் இழுக்கும். பிராங்க்ளின் பட்ட பாடு நமக்கெதற்கு? கூரையைத் தாண்டி நன்றாக உயர வேண்டும். வருஷம் ஒரு முறை பிரஷ் விட்டுத் துடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்று, அம்மா படுக்கிற அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று. இதில் மட்டும் பேரம் பேசாதே.

எந்த அடுப்பாக இருந்தாலும் பச்சை விறகு போட்டால் பாழ். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் உன் நெருப்பு உழைக்கும். கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிடு, காய்ந்தால் கோடரி ஏறாது. மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு, அப்படி அடுக்கிவை. கோத்தகிரிக்கு ஐப்பசி மழை பலமாக வரும், இரண்டு கோடை காயவிட்டால் நல்லது. சீகை விறகு இப்போது தாராளமாகக் கிடைக்கும். இருநூறு வருஷக் கணக்கில் கொஞ்சம் அடைபட்டது என்று வைத்துக்கொள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். நேற்று மருமகன் போன் செய்தான். தளம் போட்டாகிவிட்டதே, குழாய்க்கு ஓட்டை எங்கே போடுவது என்று அவனுக்குக் கவலை. இன்ஜினீயர் வியாழக்கிழமை வந்து பார்த்து, கம்பி வெட்டுப்படாத இடமாகப் பார்த்துத் துளை போடுவாராம்.

போனை அக்கா வாங்கினாள்.

"ஏந்தம்பி, அடுப்ப இரும்புப் பொட்டிக்குள்ள வச்சுக் கண்ணாடி போட்டு மூடீருவாங்களாமா?"

"ஆமாங்கா."

"அப்ப ஊதறதுக்கு எங்க வழி?"

"ஊத வேண்டியதில்லைக்கா. தானா எரியும்."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

"நான் எதுக்கும் என்ற ஊதாங்குழல எடுத்து வச்சுக்கறன்" என்றாள்.